ஒரு குவளைப் பாலும் அஞ்சலில் சேராத கடிதமும்

இருள் படிந்த ஒரு மாடிப்படி. சன்னல் சட்டங்களின் நிழல் சுவரெங்கும் சிலந்தி வலைபோல் விழுந்து கிடக்கிறது. கீழிருந்து ஒருவன் மெல்லப் படியேறி வருகிறான். அவன் முகம் தெளிவாகத் தெரியவில்லை. கையிலே ஒரு தட்டு. தட்டின்மேல் ஒரு குவளைப் பால். சுற்றிலும் எல்லாம் மங்கிக் கிடக்க, அந்தப் பால் மட்டும் நிலவுத் துண்டுபோல் ஒளிர்கிறது. மாடியறையில் நோயுற்றுப் படுத்திருக்கும் மனைவிக்குக் கணவன் தன் கையாலேயே கொண்டுவரும் பால் அது. அதிலே நஞ்சு கலந்திருக்கிறதா, இல்லையா?

1941-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் வெளிவந்த 'சஸ்பிஷன்' என்னும் திரைப்படம் இந்த ஒரு கேள்வியின்மேல் எழுப்பப்பட்டது. 'ஐயம்' என்பது அப்பெயரின் பொருள். இயக்கியவர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக். பார்ப்போர் கண் அக்குவளையை விட்டு அகலக்கூடாது என்பதற்காகப் பாலுக்குள்ளேயே ஒரு சிறு மின்விளக்கை வைத்துப் படம்பிடித்ததாக அவரே பிற்காலத்தில் சொன்னார். ஒரு குவளைப் பாலுக்கு இத்துணை அச்சத்தை ஏற்றிவைத்த கலைஞர் வேறொருவர் உண்டா என்பது ஐயமே. ஆயினும், எழுப்பிய கேள்விக்கு அப்படம் தந்த விடை அன்றுமுதல் இன்றுவரை பார்த்தவர்களை ஏமாற்றியே வந்திருக்கிறது. ஏமாற்றம் ஒரு கதைக்கு நேர்ந்த ஊனம் மட்டுமானால் இவ்வளவு விரிவாக எழுத வேண்டியதில்லை. அந்த விடையில் ஒரு பெண்ணின்மேல் பழி விழுந்தது. எவ்வாறு விழுந்தது என்பதைத்தான் இங்கே சொல்லப் புகுகிறோம்.

படத்தின் மூலம் ஓர் ஆங்கில நாவல், 1932-இல் வெளிவந்தது, 'பிஃபோர் தி ஃபாக்ட்' என்பது பெயர். குற்றம் நிகழும் முன்பே அதற்கு உடந்தையாயிருந்தவரைக் குறிக்க ஆங்கிலச் சட்டத்தில் வழங்கும் தொடரின் ஒரு துண்டு அது. ஆசிரியர் பெயர் ஃபிரான்சிஸ் ஐல்ஸ் என்று அச்சிடப்பட்டிருந்தது. அது புனைபெயர். உண்மைப் பெயர் ஆன்டனி பெர்க்லி காக்ஸ். 1930-இல் இலண்டனில் துப்பறியும் கதை எழுத்தாளர்கள் கூடி அமைத்த சங்கத்துக்கு மூலகாரணராய் இருந்தவர் அவர். கொன்றவன் யார் என்று கடைசிப் பக்கத்தில் முடிச்சவிழ்க்கும் கதைகளை நிரம்ப எழுதிச் சலித்தபின், வேறொரு பாதையைத் தேடினார். 1931-இல் எழுதிய நாவலில், ஒரு மருத்துவன் தன் மனைவியைக் கொல்ல முடிவு செய்திருப்பதை முதல் வாக்கியத்திலேயே வெளியிட்டுவிட்டார். அடுத்த ஆண்டு வந்த இந்நாவலிலும், கணவன் கொலைகாரன் என்பதை முதற்பத்தியிலேயே போட்டுடைத்தார். மர்மம் தீர்ந்த பின்பு கதைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அவனை மணந்தவள் உண்மையை எப்பொழுது உணர்வாள்? உணர்ந்தபின் என் செய்வாள்? இவையே அவர் எழுப்பிய வினாக்கள்.

நாவலின் நாயகி லீனா படிப்படியாக எல்லாம் அறிகிறாள். கணவன் ஜானி பொய்யன் என்று முதலில் தெரிகிறது. பின்பு திருடன் என்று தெரிகிறது. தன் தந்தையின் சாவுக்கும் நண்பர் ஒருவரின் சாவுக்கும் அவனே காரணம் என்று தெரிகிறது. இறுதியில் அடுத்த முறை தனக்கே என்பதும் தெரிகிறது. தெரிந்தும் அவனை விட்டுப் போக அவளால் இயலவில்லை. அவன் தரும் நஞ்சை நஞ்சென்று அறிந்தே பருகுகிறாள். தன் கொலைக்குத் தானே உடந்தை. நாவலின் பெயர் சுட்டியது அவளைத்தான். படிக்கக் கசப்பான முடிவு. ஆனால் முதல் வரியில் கொடுத்த வாக்கைக் கடைசி வரிவரை காத்த முடிவு.

இந்நாவலைப் படமாக்கும் உரிமையை ஆர்.கே.ஓ. என்னும் அமெரிக்கப் பட நிறுவனம் வாங்கி வைத்திருந்தது. சிலர் திரைக்கதை எழுதிப் பார்த்தனர். நத்தானியல் வெஸ்ட் என்னும் நாவலாசிரியரும் அவர்களில் ஒருவர். ஒன்றும் கைகூடவில்லை. 1939-இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய ஹிட்ச்காக்கின் கைக்கு அது வந்து சேர்ந்தது. சாம்சன் ராஃபேல்சன், ஜோன் ஹாரிசன், ஹிட்ச்காக்கின் மனைவி ஆல்மா ரெவில் ஆகிய மூவரும் திரைக்கதை எழுதினர். வழியில் இரண்டு தடைகள் நின்றன.

முதல் தடை தணிக்கை விதி. அமெரிக்கப் படமுதலாளிகள் 1930-இல் தமக்குத் தாமே ஓர் ஒழுக்கச் சட்டத்தை வகுத்துக்கொண்டனர். 1934 முதல் ஜோசப் பிரீன் என்பவரின் அலுவலகம் அதனைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்திற்று. கொலை செய்தவன் தண்டனையின்றித் தப்பக்கூடாது. தற்கொலையைத் துன்பத்துக்குத் தீர்வாகக் காட்டலாகாது. இவ்விதிகளின் கை எவ்வளவு நீளம் என்பதை ஹிட்ச்காக் முந்தின ஆண்டே கண்டிருந்தார். டாஃப்னி டூ மாரியேயின் 'ரெபெக்கா' நாவலில் கணவன் முதல் மனைவியைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தப்பிவிடுகிறான். 1940-இல் ஹிட்ச்காக் எடுத்த படத்திலோ அவள் தடுக்கி விழுந்து தலையில் அடிபட்டுச் சாகிறாள். கொலை விபத்தாயிற்று; கணவன் குற்றமற்றவனானான். அப்படம் அவ்வாண்டின் சிறந்த படத்துக்கான அகாடமி விருதையும் பெற்றது.

இரண்டாம் தடை நடிகர். ஜானி வேடத்துக்குக் கேரி கிராண்ட் ஒப்பந்தமானார். 1938-க்கும் 1940-க்கும் இடையே அடுத்தடுத்து வந்த நகைச்சுவைப் படங்களால் நாடு முழுவதும் செல்லப்பிள்ளையாக இருந்தவர். அந்த முகம் கொலை செய்யும் என்று காட்டினால் மக்கள் ஏற்பார்களா என்ற அச்சம் முதலாளிகளை வாட்டியது. ஹிட்ச்காக்குக்கு இந்தத் தலைவலியும் புதிதன்று. 1927-இல் இங்கிலாந்தில் அவர் எடுத்த 'தி லாட்ஜர்' என்னும் மௌனப் படத்திலும், ஒரு வீட்டில் குடியிருக்க வரும் அந்நியன்தான் இலண்டனில் பெண்களைக் கொல்லும் கொலைகாரனோ என்பதே கேள்வி. அந்த வேடத்தில் ஐவர் நாவெல்லோ என்னும் மக்கள் மனங்கவர்ந்த நடிகர் தோன்றினார். ஆகவே அவன் குற்றவாளியல்லன் என்றுதான் முடிக்க வேண்டியதாயிற்று.

இனி, படத்தின் கதைப்போக்கைச் சற்று நிதானமாகவே பார்ப்போம். ஐயம் எவற்றின்மேல் எழுந்தது என்று தெரிந்தால்தான் பின்னர் நேர்ந்த அநீதி விளங்கும்.

ஓடும் இரயிலில் லீனாவும் ஜானியும் சந்திக்கிறார்கள். மூன்றாம் வகுப்புச் சீட்டை வைத்துக்கொண்டு முதல் வகுப்பில் வந்து அமர்ந்திருக்கிறான் ஜானி. பரிசோதகர் மிச்சக் கட்டணம் கேட்கிறார். கையில் காசு போதவில்லை. முன்பின் அறியாத லீனாவிடம் ஒரு தபால் தலையை வாங்கி அதையும் சேர்த்துக் கொடுத்து, உம் தாயாருக்குக் கடிதம் எழுதும் என்று பரிசோதகரிடம் வேடிக்கை பேசுகிறான். சிறிய நிகழ்ச்சி; ஆனால் அந்தத் தபால் தலையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

லீனா தளபதி ஒருவரின் மகள், கூச்சம் மிக்கவள். இவளுக்கு இனித் திருமணம் ஏது என்று பெற்றோர் தமக்குள் பேசிக்கொண்டது அவள் செவியில் விழுகிறது. அந்தக் காயத்தின்மேல்தான் ஜானியின் புன்னகை மருந்தாக வந்து விழுகிறது. வீட்டாருக்குத் தெரியாமல் அவனை மணக்கிறாள். பெரிய வீடு, புதிய தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாம் இருக்கின்றன, அத்தனையும் கடன். அவனுக்கு வேலை கிடையாது. மாமனார் சொத்துத்தான் நம்பிக்கை. தந்தை திருமணப் பரிசாக அனுப்பிய பரம்பரை நாற்காலிகள் இரண்டும் ஒரு நாள் காணாமற் போகின்றன. விசாரித்தால் ஒரு கதை கிடைக்கிறது. பிறகு அவை கடைத்தெருவில் விற்பனைக்கு நிற்கக் காண்கிறாள். உறவினர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்கிறான். இரண்டாயிரம் பவுனைக் கையாடியதற்காக ஆறு வாரங்களுக்கு முன்பே நீக்கப்பட்டுவிட்டான் என்பது பின்னர்தான் தெரிகிறது. அந்த ஆறு வாரமும் நாள்தோறும் வேலைக்குச் செல்வதாகப் புறப்பட்டுப் போய் வந்தவன்!

ஜானிக்குப் பீக்கி என்றொரு நண்பன். வெள்ளை உள்ளம்; பணமும் உண்டு. பிராந்தி அவன் உடம்புக்கு ஆகாது என்பதைப் படத்தில் ஒரு முறை கண்ணாலேயே காண்கிறோம். அவன் பாரிஸ் நகருக்குப் போன இடத்தில், உடன் இருந்த ஓர் ஆங்கிலேயன் பந்தயம் கட்டிப் பெருங்குவளை பிராந்தியைக் குடிக்கச் செய்ய, அங்கேயே மாள்கிறான். காவல் துறையினர் வீட்டுக்கு வருகின்றனர். அன்று தான் எங்கிருந்தேன் என்பது குறித்து ஜானி சொல்வது பொய்யென்று லீனா கண்டுகொள்கிறாள். பக்கத்து ஊரில் கொலைக் கதைகள் எழுதும் அம்மையார் ஒருவர். ஜானி அவரிடமிருந்து வாங்கிவந்த புத்தகத்தில் இதேபோல் பிராந்தியால் ஒருவனைக் கொன்ற வழக்கு இருக்கிறது. மனைவியின் ஆயுள் காப்பீட்டின்மேல் கடன் கிடைக்குமா என்று அவன் கேட்டதற்கு, மனைவி இறந்தால் மட்டுமே பணம் கிடைக்கும் என்று காப்பீட்டு நிறுவனத்தின் மறுமொழி வருகிறது. போதாக்குறைக்கு, தடயமே விடாத நஞ்சு எது என்று அந்த அம்மையாரைக் குடைந்து குடைந்து கேட்டுத் தெரிந்தும் கொள்கிறான். அதன் பிறகுதான் மாடிப்படியில் அந்தப் பால் ஏறி வருகிறது.

இத்தனையும் அறிந்த ஒருத்தி ஐயுறாமல் இருந்தால் அவளை என்னென்று சொல்வது? அரபு மொழியில் 'ழன்னு' என்றொரு சொல் உண்டு. ஊகம், ஐயம் என்பது அதன் வழக்கமான பொருள். உறுதியான அறிவு என்ற பொருளிலும் அது வரும். ஒரே சொல் எதிரெதிர்ப் பொருள்களைத் தாங்கும் இத்தகைய சொற்களை 'அள்தாத்' எனத் தனியே தொகுத்து மொழிநூலார் நூல்கள் செய்திருக்கின்றனர். லீனாவின் உள்ளம் அந்தச் சொல்லைப் போன்றது. ஐயம் என்ற கரையில் தொடங்கி, சொல் மாறாமலேயே உறுதி என்ற கரைக்கு வந்து சேர்ந்துவிடுகிறாள். நாமும் அவள் பின்னாலேயே வந்து சேர்ந்துவிடுகிறோம். நம்மை அங்கே கொண்டுவந்து சேர்த்தவர் ஹிட்ச்காக்.

படத்தில் அவள் பாலைப் பருகவில்லை. விடிந்து பார்த்தால் குவளை அப்படியே இருக்கிறது. தாய்வீட்டுக்குப் போகிறேன் என்கிறாள். நானே கொண்டுபோய் விடுகிறேன் என்கிறான். கடலோரப் பாறை விளிம்பில் கார் பறக்கிறது. அவள் பக்கத்துக் கதவு திறந்துகொள்கிறது. அவன் கை அவளை நோக்கி நீள்கிறது. தள்ளுகிறான் என்று அலறுகிறாள். காரை நிறுத்தி அவன் விளக்கம் சொல்கிறான். தள்ளவில்லையாம், விழாமல் பிடித்தானாம். பீக்கி மாண்ட போது தான் பாரிசில் இல்லையாம்; காப்பீட்டின்மேல் கடன் வாங்க லிவர்பூலுக்குப் போயிருந்தானாம். நஞ்சைப் பற்றிக் கேட்டது தானே குடித்துச் சாவதற்காம். அதுவும் கோழைத்தனம் என்று விட்டுவிட்டானாம். இனிச் சிறைக்குப் போகத் துணிந்துவிட்டானாம். எல்லாம் இரண்டு மூன்று நிமிடப் பேச்சு. கேட்டதும் லீனா உருகுகிறாள். தவறு தன்மேலும்தான் என்கிறாள். தன்னைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்து அவன் துன்பத்தை அறியாமற் போனேன் என்று வருந்துகிறாள். வீட்டுக்குத் திரும்புவோம் என்று கெஞ்சுகிறாள். கார் திரும்புகிறது. அவன் கை அவள் தோளைச் சுற்றி வளைகிறது. படம் முடிந்தது.

குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த கதையாக இது இருக்கிறது. சஸ்பென்ஸ் என்பதற்கு ஹிட்ச்காக் தந்த விளக்கம் பெயர்பெற்றது. மேசைக்கடியில் குண்டு இருப்பது அங்கே அமர்ந்து பேசுவோருக்குத் தெரியாது, பார்ப்போருக்குத் தெரியும் என்றால், அவர்களின் சாதாரணப் பேச்சும் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் என்பார். அந்தக் குண்டு வெடித்தே தீர வேண்டும் என்ற கட்டாயமில்லை. 1936-இல் வெளிவந்த 'சபோடாஜ்' படத்தில், தான் சுமப்பது குண்டென்று அறியாத ஒரு சிறுவனைப் பேருந்தில் அனுப்பி, குண்டை வெடிக்கவும் செய்துவிட்டு, அது தவறு என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஆகவே, லீனா சாகவில்லையே என்பது நம் குறையன்று. மேசைக்கடியில் நாம் கண்ணாரக் கண்டது குண்டே அன்று என்று கடைசியில் சொல்லக்கூடாது அல்லவா?

தவறான ஐயம் ஒரு காவியத்துக்கே உரிய பொருள். ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ மனைவியை ஐயுற்றுக் கொன்றான். அந்த ஐயம் பொய். ஆனால் கைக்குட்டை எப்படிக் கைமாறிற்று, யார் அதை அங்கே வைத்தார் என்பதையெல்லாம் நாம் முன்கூட்டியே பார்த்திருக்கிறோம். ஒவ்வொரு தடயத்துக்கும் விடை உண்டு. இங்கேயோ முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள். நாற்காலியை விற்றது அவளது கற்பனையன்று. இரண்டாயிரம் பவுன் கையாடல் கற்பனையன்று. ஆறு வாரப் பொய்யும் கற்பனையன்று. தானே குடித்துச் சாக விரும்பியவன் தடயம் விடாத நஞ்சை ஏன் தேடினான் என்று லீனாவும் கேட்கவில்லை; படமும் கேட்கவில்லை. பீக்கியோடு பாரிசில் இருந்த ஆங்கிலேயன் யார் என்பதும் தெரியவில்லை. ஜானி லிவர்பூலில் இருந்தான் என்பதற்குச் சாட்சி ஜானி ஒருவனே. பொய்யன் என்று பலமுறை நிறுவப்பட்டவன் தனக்குச் சாதகமாகத் தான் ஒருவனாகவே கொண்டுவரும் செய்தியை எந்த ஆய்வாளர் ஏற்பார்? அதனாலேயே, கடைசிப் பேச்சும் ஒரு பொய்யே, தோளை வளைத்த கை இன்னொரு நாளைக்கு ஒத்திவைக்கப்பட்ட கொலையே என்று கொள்வோரும் உளர். கொலைகாரன் என்று முடிக்க முடியாதவர்கள் நிரபராதி என்றும் முடிக்க முடியாமற் போனார்கள்.

இனி, இந்த முடிவு எப்படி வந்தது என்னும் வரலாறு. 1962-இல் பிரான்சு நாட்டு இயக்குநர் பிரான்சுவா த்ருஃபோ ஹிட்ச்காக்கைப் பல நாள் விரிவாகப் பேட்டி கண்டார். அது 1966-இல் நூலாக வந்தது. அதிலே ஹிட்ச்காக், தாம் விரும்பிய முடிவு வேறு என்கிறார். கேரி கிராண்ட் கொலைகாரனாகக் கூடாது என்பதால்தான் அது கைவிடப்பட்டதாம். அவர் சொன்ன முடிவு இது: கணவன் பாலைக் கொண்டுவரும் வேளையில் லீனா தன் தாய்க்குக் கடிதம் எழுதி முடித்திருக்கிறாள். தான் அவனைக் காதலிப்பதாகவும், அவன் கொலைகாரன் என்று அறிந்திருப்பதாகவும், தனக்கு வாழ விருப்பமில்லை என்றாலும் உலகத்தை அவனிடமிருந்து காக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறாள். கடிதத்தை ஒட்டி, இதை அம்மாவுக்கு அஞ்சலில் சேர்த்துவிடுங்கள் என்று அவனிடமே தருகிறாள், பாலைக் குடிக்கிறாள், இறக்கிறாள். அடுத்த காட்சியில் ஜானி சீட்டியடித்துக்கொண்டு வந்து அக்கடிதத்தைத் தபால் பெட்டியில் போடுகிறான்.

எவ்வளவு கூர்மையான முடிவு! கொலைகாரனுக்குத் தண்டனை உறுதியாகிவிட்டது. தன் கழுத்துக் கயிற்றைத் தானே கொண்டுபோய்ப் பெட்டியில் சேர்த்திருக்கிறான். தணிக்கை விதியின் முதற் கட்டளை அநேகமாக நிறைவேறிவிட்டது. லீனாவின் ஐயமும் பொய்க்கவில்லை. நாவலிலே செயலற்று மாண்டவள் இங்கே சாட்சி சொல்லிவிட்டு மாள்கிறாள். ஆனால் இது படமாக்கப்பட்டதற்குச் சான்று இல்லை. 1941 கோடையில் வேறொரு முடிவோடு படத்தை முன்னோட்டமாகத் திரையிட்டார்கள். பார்த்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. பிறகே கடற்பாறை விளிம்பில் கார் நிற்கும் இப்போதைய முடிவு சேர்க்கப்பட்டது. இன்னொரு வேடிக்கையையும் ஹிட்ச்காக் சொல்கிறார். தாம் ஊரில் இல்லாத வேளையில் நிறுவனத்தார் ஒருவர், ஜானி கொலைகாரனோ என்று எண்ணவைக்கும் பகுதிகளையெல்லாம் வெட்டிவிட்டாராம். சுமார் 100 நிமிடப் படம் 55 நிமிடமாகச் சுருங்கிப் போயிற்றாம்! மேலிடத்தார் பார்த்துவிட்டு, இது கேலிக்கூத்து என்று உணர்ந்து பழையபடியே சேர்க்கச் சொன்னார்களாம். ஐயத்தை எடுத்துவிட்டால் அப்படத்தில் பாதிக்கு மேல் ஒன்றுமே இல்லை என்பதை அந்தக் கத்திரிக்கோல் அன்றே அளந்து காட்டிவிட்டது.

இந்த வரலாற்றை இயக்குநரின் வாய்மொழியோடு முடித்துவிடுவது நேர்மையாகாது. பழியை முதலாளிகள்மேல் போடுவது கலைஞருக்கு வசதி. சொன்னதோ 20 ஆண்டு கழித்து. ஹிட்ச்காக்கின் வாழ்க்கை வரலாற்றை 1983-இல் வெளியிட்ட டொனால்ட் ஸ்போட்டோ, ஆர்.கே.ஓ. நிறுவனத்துக் காலப் பதிவுகளைக் கொண்டு வேறு விதமாக எழுதினார். மனைவியின் கற்பனையில் மட்டுமே கணவன் கொடியவனாகத் தோன்றும் படமாக எடுக்கப் போவதாக ஹிட்ச்காக் தொடக்கத்திலேயே நிறுவனத்தாரிடம் தெரிவித்திருந்தார் என்பது அவர் கூற்று. பிற்காலத்து வாய்மொழியைக் காட்டிலும் அக்காலத்து ஏட்டுக்கு எடை மிகுதி என்பது வரலாற்றாசிரியர்களின் பொதுவிதி. அப்படியானால் குற்றம் நிறுவனத்தோடு நிற்காது. கற்பனை என்று எடுப்பதாகச் சொல்லி வேலையை வாங்கிக்கொண்டவர், எடுக்கும்போது உண்மை என்றே தோன்றும்படி எடுத்தார். இரண்டு மனத்தோடு செய்த வேலை. இரண்டில் எதை மெய்யாக விரும்பினார் என்று கேட்டால், படத்துக்குள்ளேயே ஒரு சான்று இருக்கிறது என்பது என் கருத்து. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

படம் தோற்கவில்லை, நன்றாகவே ஓடியது. லீனாவாக நடித்த ஜோன் ஃபாண்டேன் அவ்வாண்டின் சிறந்த நடிகைக்கான அகாடமி விருதைப் பெற்றார். போட்டியில் இருந்தவர்களில் ஒருவர் அவருடைய உடன்பிறந்த அக்காள் ஒலிவியா டி ஹாவிலண்ட். ஹிட்ச்காக்கின் படம் ஒன்றில் நடித்து அவ்விருதைப் பெற்றவர் ஃபாண்டேன் ஒருவரே. கணவன் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுச் சிரிக்க முயலும் அந்த முகம் விருதுக்குத் தகுதியானதுதான். அந்த அச்சம் அடிப்படையற்றது என்று சொல்லும் படத்துக்கே, அந்த அச்சத்தை அவ்வளவு மெய்யாகக் காட்டியதற்காக விருது கிடைத்தது என்பதை என்னென்பது?

மக்கள் ஏற்கமாட்டார்கள் என்ற முதலாளிகளின் கணக்கும் விரைவிலேயே பிழையாயிற்று. 1943-இல் ஹிட்ச்காக்கே 'ஷேடோ ஆஃப் எ டவுட்' எடுத்தார். சிற்றூரில் வாழும் ஓர் இளம்பெண், தான் உயிராய் நேசிக்கும் தாய்மாமன் கொலைகாரனோ என்று ஐயுறுகிறாள். அவன் கொலைகாரன்தான். அன்புக்கும் அறிவுக்கும் நடுவே அவள் படும் பாடுதான் படம். ஐயம் மெய்யானதால் படத்தின் சுவை குன்றவில்லை, மிகுந்தது. மறு ஆண்டு, 1944-இல், ஜார்ஜ் குகோர் இயக்கத்தில் 'கேஸ்லைட்' வந்தது. பாட்ரிக் ஹாமில்டன் 1938-இல் எழுதிய நாடகம் அதற்கு மூலம். மனைவியின் பொருள்களைத் தானே மறைத்துவிட்டு, நீதான் மறந்தாய், உனக்குத்தான் புத்தி தடுமாறுகிறது என்று சொல்லிச் சொல்லி அவளை நம்பவைக்கிறான் ஒரு கணவன். வீட்டு விளக்கு மங்குவதை அவள் கண்ணால் பார்க்கிறாள். அதுவும் உன் கற்பனை என்கிறார்கள். அக்கணவனாக நடித்தவர் சார்ல்ஸ் பாயர்; காதல் நாயகனாகப் பெண்களின் உள்ளங்கவர்ந்தவர். வில்லனாக அவர் நடித்ததால் உலகம் கவிழ்ந்துவிடவில்லை. மனைவியாக நடித்த இங்கிரிட் பெர்க்மனுக்கும் சிறந்த நடிகை விருது கிடைத்தது. ஒருவரைத் தம் கண்ணையே நம்பாதபடி செய்யும் கொடுமைக்கு ஆங்கிலத்தில் அப்படத்தின் பெயரே இன்று வினைச்சொல்லாக வழங்குகிறது.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர் ஒன்றை உணரக்கூடும். 'கேஸ்லைட்' படத்தில் கணவன் மனைவிக்குச் செய்வதை, 'சஸ்பிஷன்' படத்தில் அந்தப் படமே மனைவிக்குச் செய்கிறது. விளக்கு மங்கியதைக் காட்டிவிட்டு, மங்கவில்லை என்று சொல்கிறது. முன்னதில் ஒரு காவல் அதிகாரி வந்து, நீங்கள் கண்டது உண்மைதான் என்று அந்தப் பெண்ணிடம் சொல்கிறார். அச்சொல்லைக் கேட்டதும் அவள் முகத்தில் தோன்றும் ஆறுதலை எளிதில் மறக்க முடியாது. லீனாவுக்கு அப்படிச் சொல்ல யாரும் வரவில்லை. அழகிய முகத்தை நம்பிக் கைப்பொருளை இழந்து, பொய்யின்மேல் பொய்யாய்க் கேட்டு, இரவில் கண்மூடப் பயந்து வாழ்ந்த ஒருத்தி, கடைசியில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அதே வீட்டுக்குத் திரும்புகிறாள். எந்த ஊரிலும், எந்தக் காலத்திலும் இப்படித் திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் இருந்திருக்கிறார்கள் என்பதனால்தான் இந்த முடிவைச் சினிமாக் கணக்கு என்று தள்ளிவிட மனம் வரவில்லை.

படத்துக்குள் இருக்கும் சான்று என்றேனே, அது இதுதான். முதற் காட்சியில் லீனாவிடமிருந்து ஜானி வாங்கியது ஒரு தபால் தலை. அப்போது அவன் விளையாட்டாகச் சொன்னது, தாயாருக்குக் கடிதம் எழுதும் என்பது. தாய்க்கு மகள் எழுதிய கடிதத்தைக் கொலைகாரன் அஞ்சலில் சேர்ப்பதாக முடிய வேண்டிய கதைக்குத்தான் இப்படியொரு தொடக்கம் பொருந்தும். மாளிகை எழாமற் போனாலும் அடித்தளம் மண்ணிலே கிடக்கிறது. இன்னும் ஒன்று. தம் படங்களில் ஏதேனும் ஓரிடத்தில் சில நொடிகள் தாமே தோன்றி மறைவது ஹிட்ச்காக்கின் வழக்கம் என்பது பலரும் அறிந்ததே. இப்படத்திலும் தோன்றுகிறார். கிராமத்துத் தெருவில், யாரும் தம்மைக் கவனிக்காத ஒரு கணத்தில், தபால் பெட்டியருகே நின்று அந்தப் பருத்த மனிதர் ஒரு கடிதத்தை உள்ளே போடுகிறார்.